முந்தின ஆக்கள் பூசின சுவர்

பில்டர் எங்கள் பின்னறைச் சுவரைப் பார்க்க வந்த அன்று வீட்டில் இருந்தவர்கள் நான், அண்ணி, அண்ணையின் மூன்று வயது மகள். மேல் முன்னறையில் வாடகைக்கு இருந்த இரண்டு பெடியன்களும் இருந்தார்கள்தான், ஆனால் இரவு ஷிப்ட் முடித்து வந்து போர்வைக்குள் கிடந்தவர்களை இருந்தவர்கள் என்று சேர்க்க முடியாது. இல்லாதவர் அண்ணை. அவர் காலை ஆறு மணிக்கே பெற்றோல் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். அவர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் நான் பில்டரை வரச் சொன்னேன் என்று பிற்பாடு அண்ணை சொன்னார். அது உண்மையில்லை. பில்டருக்கு வசதியான நேரம் அதுதான். ஆனால் அண்ணை அன்று அங்கே நின்றிருந்தால் அந்தப் பொய்யை நான் சொல்லியிருக்க மாட்டேன். அது உண்மை.

பில்டருக்கு அறுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். லண்டனில் நாங்கள் இருந்த மிச்சம் என்ற ஊரிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். கட்டையான ஆள், முழங்கால் இரண்டிலும் வெள்ளைத் தூள். அறைக்குள் வந்ததும் சுவரைப் பார்க்கவில்லை. மூக்கை உயர்த்தி மணந்து பார்த்தார். பிறகு உள்ளங்கையைச் சுவரில் வைத்து எடுத்தார். கை நனைந்திருந்தது. அதைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, விரல் மொளியால் இரண்டு இடத்தில் தட்டினார். தலையைத் திருப்பி என்னைக் கேட்டார்:

“இதை யார் பூசியது?”

“எங்களுக்கு முந்தி இந்த வீட்டில் இருந்த ஆக்கள்,” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. என்னிடம் இருந்த ஆகத் திறமான ஆங்கிலத்தில், ஆக வேகமாக வாயிலிருந்து வந்துவிட்டது. அண்ணி பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றார். தையல் ஃபாக்டரியில் இரண்டு வருடம் வேலை செய்தவர். ‘யார்’, ‘முந்தி’ என்ற அளவுக்கு ஆங்கிலம் அவருக்கு விளங்கும். என்னைப் பார்த்தார். பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினார்.

அந்தச் சுவரைப் பூசியது அண்ணை.

எங்கள் அப்பா மேசன். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அண்ணை ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அப்பாவோடு சாந்து குழைக்கப் போனவர். இருபது வயதில் யாழ்ப்பாணத்தில் தனியாக ஒப்பந்தம் எடுத்து வீடு கட்டினார். அந்தக் காசில்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். லண்டனுக்கு அண்ணை முதலில் வந்து, பிறகு அண்ணியையும் என்னையும் எடுப்பித்தார். நான் பொலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும் கடிதம், கவுன்சில் படிவம், ஆஸ்பத்திரி, வங்கி எல்லாம் என் பொறுப்பு. இங்கே வந்தபின் அண்ணை ஒருநாளும் மேசன் வேலை செய்யவில்லை. மிச்சத்தில் இந்த வீட்டை வாங்கும்வரை.

வீடு ஒரு நீண்ட வரிசையில் நடுவே இருந்த பழைய செங்கல் வீடு. மேலே இரண்டு அறை, கீழே ஒன்று. மேல் முன்னறையில் வாடகைப் பெடியன்கள். அவர்களுடைய வாடகை இல்லாமல் மோர்ட்கேஜ் கட்ட ஏலாது. கீழறையில் நானும், எல்லாருக்கும் பொதுவான டி.வி.யும். குசினிக்கு நேர் மேலே இருந்த பின்னறையில் அண்ணை, அண்ணி, பிள்ளை. அந்த அறை வீட்டின் பின்பக்கம் வெளியே நீண்டிருந்ததால் அதற்கு இரண்டு பக்கம் வெளிச்சுவர். நாங்கள் வந்தபோது உள்ளே பழைய சுண்ணாம்புப் பூச்சு இருந்தது. விரலால் சுரண்டினால் உதிரும். மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம்.

“உது சுவரே? மண்,” என்றார் அண்ணை.

அடுத்த கோடையில் ஒரு கிழமை, ஏழு நாளும், லீவு எடுத்தார். சுண்ணாம்பு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் தெரியும்வரை துடைத்து, இரண்டு சுவருக்கும் சீமெந்து பூசினார். ஊரில் கிணற்றுத் தொட்டிக்குப் பூசுவது போலச் சீமெந்தைக் கூடப் போட்டு, கடைசியில் சீமெந்துப் பாலால் மெழுகி, மினுமினுக்கத் தேய்த்தார். லைட்டைப் போட்டால் பல்பின் வெளிச்சம் சுவரில் ஒரு வட்டமாகத் தெரியும். வாடகைப் பெடியன்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“அண்ணை, இதிலை முகம் பாத்துச் சீப்பாலை தலை இழுக்கலாம்,” என்றான் ஒருவன்.

“இழு. ஆனால் எண்ணெய்த் தலையைச் சுவரிலை முட்டாதை,” என்றார் அண்ணை. அந்த ஒரு கிழமை முழுக்க நல்ல சந்தோஷமாக இருந்தார்.

குளிர் வந்தது. சுவர் வேர்க்கத் தொடங்கியது. காலையில் எழும்பினால் சுவரில் தண்ணீர் கோடு கோடாக வழிந்து நிலத்தில் தேங்கி நின்றது. வெளியிலிருந்து மழைத்தண்ணி இறங்குகிறது என்று அண்ணை முடிவு செய்தார். ஏணி வைத்து ஏறிக் கூரைத் தண்ணீர் ஓடும் பீலியைத் துப்புரவாக்கினார், வெளியே செங்கல் இடுக்கெல்லாம் அடைத்தார். உள்ளே இன்னொரு பூச்சுப் போட்டார். தண்ணீர் இன்னும் கூடியது. பிள்ளைக்கு முட்டு வந்தது. மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே போகும். சத்தம் கீழே எனக்குக் கேட்கும். அந்தக் குளிர்காலம் இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இரண்டாம் தரம் டாக்டர் என்னைப் பார்த்து, “பிள்ளை படுக்கும் அறையில் ஈரலிப்பு இருக்கிறதா?” என்று கேட்டார். நான் அண்ணிக்குச் சொன்னேன்.

“ஈரலிப்பு எண்டால் எவ்வளவு எண்டு கேளுங்கோ தம்பி,” என்றார் அண்ணி.

கேட்டேன். சுவரில் கண்ணால் காணக்கூடிய அளவு என்றார் டாக்டர். அண்ணி மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் தலையாட்டினார்.

“அப்படியானால் அடுத்த குளிருக்கு அந்த அறையில் இவளைப் படுக்க வைக்காதீர்கள்,” என்றார் டாக்டர்.

வேறு அறை இல்லை. கீழறை வழியாகத்தான் ஷிப்ட் பெடியன்கள் எந்த நேரமும் குசினிக்குப் போய்வருவார்கள்; வாசற்கதவு திறக்கும்போதெல்லாம் குளிர் உள்ளே வரும், சிகரட் மணமும் சேர்ந்து வரும். ஆக, அடுத்த குளிருக்கு முன் அந்தப் பின்னறை காய வேண்டும். எங்களுக்கு இருந்த காலம் செப்டம்பரில் இருந்து நவம்பர் வரை.

கவுன்சில் நூலகத்தில் எடுத்த துண்டுப் பிரசுரம் ஒன்றில், எந்த வேலைக்கும் மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்கு என்று இருந்தது. நான் அதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்து மூன்று பேருக்கு டெலிபோன் எடுத்தேன். முதல் ஆள் மூலைக்கடைக்காரர் சொன்னவர். இரண்டு தரம் வருகிறேன் என்றார், இரண்டு தரமும் வரவில்லை. இரண்டாம் ஆள் டை கட்டிக்கொண்டு வந்தார். சுவரைத் தொடவே இல்லை. கையில் இருந்த ஒரு கருவியின் இரண்டு ஊசியைச் சுவரில் குத்தினார், அது கீச்சிட்டது. சுவருக்குள் மருந்து ஏற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன விலைக்கு அண்ணை ஒரு பழைய கார் வாங்கியிருப்பார்.

மூன்றாம் ஆள்தான் மணந்து பார்த்தவர்.

என் பொய்யைக் கேட்டபின் அவர் என்னை ஜன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். “கண்ணாடியில் ஊது,” என்றார். ஊதினேன். ஆவி படிந்தது. “உன் சுவர் இன்னொரு கண்ணாடி. குளிர்ந்து கிடக்கிறது. எத்தனை பேர் இங்கே படுக்கிறீர்கள்?” மூன்று என்றேன். உடுப்பு எங்கே காயப்போடுகிறீர்கள் என்று கேட்டார். அறைக்குக் குறுக்கே கட்டியிருந்த கொடியைக் காட்டினேன். கீழே என்ன என்று கேட்டார். குசினி. ஒரு நாளைக்கு எத்தனை தரம் சமையல்? இரண்டு தரம் சோறு அவிப்போம், பெடியன்களும் தனியாக அவிப்பார்கள்.

“தண்ணீர் வெளியே இருந்து வரவில்லை,” என்றார். “உங்களிடமிருந்துதான் வருகிறது. பழைய சுண்ணாம்பு அதைக் குடித்துக்குடித்து மெல்ல வெளியே விட்டிருக்கும். இந்தச் சீமெந்து ஒரு சொட்டும் குடிக்காது.”

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் சுவருக்கு எதிரி மழை; அது வெளியே இருந்து வரும். அதைத் தடுக்கத்தான் அப்பாவும் அண்ணையும் பூசப் பழகினார்கள். இங்கே சுவரை நனைத்தது எங்கள் மூச்சும் சோற்றுப்பானையும்.

செய்ய வேண்டியதை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் நோட்டில் எழுதினேன். சீமெந்தை உடைத்து எடுப்பது. செங்கல்லை இரண்டு மூன்று கிழமை காயவிடுவது. மரச்சட்டம் அடிப்பது, சட்டங்களுக்கு இடையே குளிர் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு வைப்பது, அதன்மேல் பொலித்தீன், அதன்மேல் பிளாஸ்டர்போர்ட் என்ற ஜிப்சம் பலகை, கடைசியில் மெல்லிய பூச்சு. எல்லாம் சொல்லிவிட்டு, வெளிக்கிட முன் பையில் இருந்து ஒரு நீளமான மட்டக்கோலை எடுத்துச் சுவரில் நிமிர்த்தி வைத்தார். குறுக்கே வைத்தார். மூலைக்கு மூலை சாய்த்து வைத்தார். கோலுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு மயிர் இடம் இல்லை.

“பூசின ஆளுக்கு நல்ல கை,” என்றார். “இப்படி ஒரு சுவரைக் கண்டு கன வருடம். பிழையான நாட்டில் பூசிவிட்டான், அவ்வளவுதான்.”

அதை நான் நோட்டில் எழுதவில்லை.

அண்ணை மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்தார். பில்டர் மாதிரிக்கு என்று விட்டுப்போன உள்ளங்கை அகல பிளாஸ்டர்போர்ட் துண்டை மேசையில் வைத்தேன். அண்ணை அதைத் தூக்கிப் பார்த்தார், நகத்தால் கீறினார், பிறகு இரண்டு கையாலும் பிடித்து டக்கென்று முறித்தார். வெள்ளைத் தூள் அவருடைய தேத்தண்ணிக்குள் விழுந்தது.

“உது என்ன? பிஸ்கட்டோ?”

“அண்ணை, இஞ்சை எல்லா வீட்டிலையும் உதுதான்.”

“டேய், உன்னைப் படிப்பிச்சது பிஸ்கட்டிலை சுவர் கட்டவே? கொப்பர் அறிஞ்சால் எழும்பி வருவார்.”

அப்பா அப்போது உயிரோடு இல்லை. அண்ணி குசினியில் இருந்து குரல் கொடுத்தார்: “பிஸ்கட்டோ ரொட்டியோ, பிள்ளைக்கு முட்டு வராட்டில் காணும்.”

“நீர் சும்மா இரும். சுவரைப் பற்றி நான் கதைக்கிறன்.” அண்ணை என் பக்கம் திரும்பினார். “சரி. என்ரை பூச்சை என்ன செய்யட்டாம்?”

“எடுக்கவேணுமாம்.”

“ஏன்?”

“அது குளிருதாம். தண்ணி வெளியிலையிருந்து வரேல்லையாம். எங்கடை மூச்சும் சமையல் ஆவியும்தான் அதிலை படியுதாம்.”

“மூச்சோ?” அண்ணை சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. “மூன்று பேர் மூச்சு விட்டு ஒரு வாளி தண்ணி வருமோ? ஊரிலை ஒரு வீட்டிலை பதினொரு பேர் படுத்தம். எந்தச் சுவர் வேர்த்தது?”

“அங்கை குளிரில்லையே அண்ணை.”

“வேறை என்ன சொன்னவன் என்ரை சுவரைப் பற்றி?”

அண்ணி குசினி வாசலுக்கு வந்து நின்றார், கையில் அகப்பை. நான் சொல்வேனா என்று பார்த்தார். நல்ல கை என்று பில்டர் சொன்னதைச் சொன்னால், யாருடைய கை என்று அவரிடம் சொன்னாய் என்று அடுத்த கேள்வி வரும்.

“வேறை ஒண்டும் சொல்லேல்லை,” என்றேன்.

“அப்ப உடைக்க விடமாட்டன்,” என்று அண்ணை எழும்பிப் போனார்.

மூன்று நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது: உடைக்க அரை நாள், காய மூன்று கிழமை, மரமும் பலகையும் நான்கு நாள், பூச்சுக் காய இன்னொரு கிழமை. ஒவ்வொரு நாளும் போகப்போக நவம்பர் கிட்ட வந்தது. பில்டர் டெலிபோனில், வேறு வேலை ஒன்று வருகிறது, திங்களுக்கு முன் சொல் என்றார்.

நான்காம் நாள் காலையில் அண்ணைக்கு லீவு. செப்டம்பர்தான், ஆனால் முதல் நாள் இரவு நன்றாகக் குளிர்ந்திருந்தது. பிள்ளை சுவர்ப்பக்கம் படுத்தவள். அண்ணை அவளைத் தூக்கும்போது தலையணையின் அந்தப் பக்கம் நனைந்திருந்ததாம். பிள்ளை மூத்திரம் பெய்துவிட்டாள் என்று நினைத்து மணந்து பார்த்தாராம். பிறகு அண்ணிதான் எனக்குச் சொன்னார், அந்தத் தலையணையைப் பிடித்தபடி கன நேரம் கட்டிலில் இருந்தாராம். அண்ணை கீழே வந்து எனக்குச் சொன்னது இரண்டு சொல்தான்:

“வரச் சொல்லு.”

பில்டர் வெள்ளிக்கிழமை காலை வந்தார். கூட வரவேண்டிய ஆளுக்கு முதுகுப் பிடிப்பு, தனியாகவே வந்தார். அண்ணை வேலைக்குப் போய்விட்டார். எனக்கு அன்று வகுப்பு இல்லை. கட்டிலையும் அலமாரியையும் நடுவே இழுத்துப் பழைய சேலைகளால் மூடினோம். அரை நாளில் கொத்திவிடலாம் என்று எஸ்டிமேட்டில் எழுதியிருந்தார். உளியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். உளி திரும்பி வந்தது. சுவரில் ஒரு வெள்ளைப் புள்ளி. இன்னொரு தரம் அடித்தார். இன்னொரு புள்ளி. மத்தியானம் ஆகும்போது ஒரு மேசை அளவு இடம்தான் செங்கல் தெரிந்தது. அவருடைய முகம் சிவந்து, காதுக்குள்ளும் தூசி.

“உங்களுக்கு முந்தி இருந்தவர்கள் யார்?” என்று கேட்டார். “கோட்டை கட்டுகிறவர்களா?”

நான் சிரிப்பதுபோலச் சிரித்தேன். இது இரண்டு நாள் வேலை, அதற்கு இன்னும் காசு வரும், அதோடு திங்கள் அவர் வேறு இடத்துக்குப் போகவேண்டும் என்றார். திங்கள் போனால் எப்போது திரும்பி வருவார் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கப் பயந்தேன்.

மூன்று மணிக்கு அண்ணை படியேறி வந்தார். பெற்றோல் ஸ்டேஷன் ஜாக்கெட்டோடு வாசலில் நின்று பார்த்தார். பில்டர் தலையாட்டிவிட்டு, என்னைச் சுட்டிக்காட்டி, அண்ணையிடம் நேராகச் சொன்னார்:

“உன் தம்பி சொன்னான், முன்பு இருந்தவர்கள் பூசியது என்று. அந்த ஆளை நான் பார்க்க வேண்டும். முதலில் கை குலுக்குவேன். பிறகு இந்தச் சுத்தியலால் ஒன்று கொடுப்பேன்.”

அண்ணைக்கு ‘பிரதர்’ விளங்கியது. மற்றது விளங்கவில்லை.

“என்னவாம்?”

“கஷ்டமாக் கிடக்காம் உடைக்க.”

“அது தெரியுது. உன்னைக் காட்டி என்ன சொன்னவர்?”

பின்னால் படியில் நின்ற அண்ணி, பிள்ளைக்குச் சொல்வதுபோல மெல்லச் சொன்னார்: “சித்தப்பா அண்டைக்குச் சொன்னவர், இந்தச் சுவர் முந்தின ஆக்கள் பூசினதெண்டு.”

அண்ணை என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வெட்கப்பட்டேன், அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று ஒத்துக்கொள்ளத் தயாரானேன். எங்கள் வீட்டுச் சுவரைப் பழுதாக்கியது என் சொந்த அண்ணை என்று ஒரு வெள்ளைக்காரரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அண்ணை கேட்டது வேறு.

“முந்தின ஆக்களோ?” என்றார். “டேய், அவங்களுக்கு இப்பிடிப் பூசத் தெரியுமே? அந்த மண்ணைக் கண்டனீதானே?”

“அண்ணை...”

“நான் ஒரு கிழமை லீவு போட்டுப் பூசின சுவரை நீ ஆரோ ஒருத்தனுக்குக் குடுத்துப்போட்டாய்.”

அப்போதுதான் நான் மிச்சத்தையும் சொன்னேன். மட்டக்கோல் வைத்துப் பார்த்ததை, ஒரு மயிர் இடம் இல்லாததை, நல்ல கை என்றதை, பிழையான நாட்டில் பூசிவிட்டான் என்றதை. ஒரு சொல் விடாமல் சொன்னேன். அண்ணை கேட்டுக்கொண்டு ஜாக்கெட்டைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்தார். பில்டரிடம் போனார். சுவரில் கையை வைத்தார். பிறகு தன் நெஞ்சில் வைத்தார்.

“மீ,” என்றார். “திஸ் வோல், மீ.”

பில்டர் என்னைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். சொன்னபடியே முதலில் கையை நீட்டினார். அண்ணை பிடித்துக் குலுக்கினார். பிறகு பில்டர் சுத்தியலைத் தூக்கினார். அண்ணி ‘ஐயோ’ என்றார். பில்டர் அதைத் திருப்பிப் பிடி அண்ணையின் பக்கம் வரும்படி நீட்டி, ஏதோ சொன்னார்.

“என்னவாம்?”

“பூசின நீயே எடு எண்டுறார்.”

அண்ணை வாங்கினார். அவர் உடனே அடிக்கவில்லை. விரல் மொளியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டு போனார், காதைக் கிட்ட வைத்து. ஓரிடத்தில் சத்தம் மாறியது. முதற்பூச்சுக்கும் இரண்டாம் பூச்சுக்கும் இடையில் ஈரம் புகுந்து கழன்ற இடம். அங்கே உளியை நேராக வைக்காமல் சரித்து வைத்து ஒரு அடி. சாப்பாட்டுத் தட்டு அளவு துண்டு நிலத்தில் விழுந்து வீடு அதிர்ந்தது. முன்னறைக்குள் இருந்து ஒரு பெடியன் எழும்பி வந்து, “என்னண்ணை, ஷெல் அடிக்கிறாங்களோ?” என்றான்.

“படடா போய். என்ரை சுவரை நான் உடைக்கிறன்.”

அன்று மாலையும், சனியும், ஞாயிறும் உடைத்தார். சனி ஞாயிறு ஷிப்ட் இரண்டையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை பில்டர் வரத் தேவையில்லை, ஆனாலும் வந்தார். அண்ணி போட்ட தேத்தண்ணியைக் குடித்து, இவ்வளவு சீனியா என்று முகத்தைச் சுருக்கி, இரண்டாவதும் கேட்டு வாங்கிக் குடித்தார். ஒருவர் உடைத்தார், மற்றவர் மூட்டையில் அள்ளினார். மொழிபெயர்க்க நான் அருகில் நின்றேன். ஒரு மணித்தியாலம் நின்றும் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. “அந்த வாளியை எடு” என்பதற்கு இரண்டு பேருக்கும் மொழி வேண்டியிருக்கவில்லை. நான் கீழே போய்ப் பாடம் படித்தேன்.

செங்கல் மூன்று கிழமை காய்ந்தது. அந்த மூன்று கிழமையும் அண்ணியும் பிள்ளையும் கீழறையில், நானும் அண்ணையும் செங்கல் அறையில். பிள்ளைக்கு ஒரு தரம் இலேசாக முட்டு வந்து, நல்ல காலம், ஆஸ்பத்திரி வரைக்கும் போகவில்லை.

ஒக்டோபர் நடுவில் பலகைகள் வந்தன. ஆள் உயரத்தை விடப் பெரியவை. படியில் திருப்பக் கஷ்டம். அண்ணை ஒரு முனை, பில்டர் மறு முனை. மரச்சட்டம் அடித்தபோது அண்ணை ஒவ்வொன்றையும் தன் கண்ணால் மட்டம் பார்த்தார். பஞ்சு வைக்கும்போது அவருக்கு உடம்பெல்லாம் கடித்தது. கையுறை போடச் சொன்னது கேட்கவில்லை.

“உது பஞ்சில்லை, முசுறு எறும்பு,” என்று இரண்டு நாள் சொறிந்தார்.

பலகை ஏறி, பூச்சும் முடிந்த அன்று அண்ணை சுவரைத் தட்டினார். டொக் என்று பெட்டிச் சத்தம். இன்னொரு இடத்தில் தட்டினார். பெட்டிதான்.

“எனக்கு உது பிடிக்கேல்லை,” என்றார். “சுவரெண்டால் தட்டினால் கை நோகோணும்.”

“உங்களுக்கு நோகாட்டில் பரவாயில்லை,” என்றார் அண்ணி.

சாமிப்படம் மாட்ட ஆணி அடிக்க வேண்டும். வெறும் பலகையில் அடித்தால் படம் கண்ணாடியோடு கீழே வரும். அண்ணை தட்டிக்கொண்டே போனார். பெட்டிச் சத்தம், பெட்டிச் சத்தம், பிறகு ஓரிடத்தில் அடைத்த சத்தம். அதற்குப் பின்னால்தான் மரச்சட்டம். அங்கே பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டார். பில்டர் பையில் இருந்து அளவுநாடாவை எடுத்து அளந்து பார்த்தார். சட்டத்தின் சரி நடுவில் இருந்தது கோடு. பில்டர் அளவுநாடாவை மடித்துப் பையில் வைத்தார். அந்தப் பென்சில் கோடு அந்த வீட்டை விற்கும்வரை படத்துக்குப் பின்னால் இருந்தது.

நவம்பர் கடைசியில் ஒரு காலை, ஜன்னலுக்கு வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. நான் வகுப்புக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். மேலே இருந்து அண்ணை கூப்பிட்டார்.

“தம்பி, இஞ்சை வா. கையை வை.”

வைத்தேன். சுவர் காய்ந்திருந்தது. சூடு என்று சொல்ல முடியாது, குளிரவில்லை. பிள்ளை சுவர்ப்பக்கம் வாயைத் திறந்தபடி படுத்திருந்தாள். இரண்டு பேரும் குனிந்து அவள் மூச்சைக் கேட்டோம். முட்டுச் சத்தம் இல்லை. “ஓம்,” என்றார் அண்ணை, யாருக்கு என்றில்லாமல். அந்தக் குளிர்காலம் அவளுக்கு முட்டு வராமல் இல்லை. வந்தது, பம்ப் அடித்தோம், போனது. ஆஸ்பத்திரியில் ஒருநாளும் படுக்க வைக்கவில்லை.

பில்லை பில்டர் கையால் எழுதித் தபாலில் அனுப்பியிருந்தார். வழக்கம்போல அதை வாசித்துச் சொல்வது என் வேலை. அண்ணை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மரம், பஞ்சு, பொலித்தீன், பலகை, ஆணி என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். குசினி ஜன்னலில் ஆவி இழுக்கும் காற்றாடி ஒன்று பூட்டச் சொல்லியிருந்தார், அது நாற்பத்தெட்டு. சீமெந்து உடைக்க முதல் எஸ்டிமேட்டில் எழுபது போட்டிருந்தார். பில்லில் அந்த வரி இருந்தது, காசு எழுதும் இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. வரியில் எழுதியிருந்ததை நான் அப்படியே தமிழில் சொன்னேன்: “சீமெந்து உடைத்தது, பூசினவர்.”

“திருப்பி வாசி,” என்றார் அண்ணை.

திருப்பி வாசித்தேன். இந்த முறை ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் சேர்க்கவில்லை. அண்ணை சோற்றுக் கையோடு எட்டி அந்த வரியைப் பார்த்தார், அவருக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்து இல்லை என்றாலும்.

“மொத்தம் எவ்வளவு?”

அண்ணை விட்ட இரண்டு ஷிப்ட் சம்பளத்தைச் சேர்க்காமல், ஐந்நூற்றுப் பதினெட்டுப் பவுண்.